34 டன் வண்டி ஏன் ரிவர்ஸிலேயே ஓடியது? (ஆழ்பனி வண்டிகள் பற்றிய இழை)

#1 பழையவண்டி பாலு

போன வாரம் டிராக்டர் இழையில் யாரோ போகிற போக்கில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார்: இதுவரை செய்த வண்டிகளிலேயே படுதோல்வி அடைந்த பிரம்மாண்டம் எது? அங்கே பதில் எழுதினால் உழவு பற்றிய பேச்சு பாழாகிவிடும் என்று தனி இழை திறக்கிறேன். என் ஓட்டு 'அண்டார்டிக் ஸ்னோ க்ரூசர்' என்ற வண்டிக்கு.

1939ஆம் ஆண்டு. துருவ ஆய்வாளர் அட்மிரல் பேர்டின் தலைமையில் அமெரிக்க அரசு அண்டார்டிகாவுக்கு ஒரு குழுவை அனுப்புகிறது. அதற்காக தாமஸ் போல்ட்டர் என்பவர் வடிவமைத்த வண்டி இது. சிகாகோவில் ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனியின் ஆலையில் கட்டினார்கள். நீளம் 17 மீட்டர், அகலம் 6 மீட்டர். நம் ஊர் டவுன் பஸ் இரண்டை ஒட்டி நிறுத்தினாலும் அந்த அகலம் வராது. பாரத்தோடு எடை 34 டன். கூரைமேல் ஒரு சின்ன பீச்கிராஃப்ட் விமானம். உள்ளே படுக்கை, சமையலறை, ஆய்வுக்கூடம், போட்டோ கழுவும் இருட்டறை.

ஓடும் விதம் டீசல்-எலெக்ட்ரிக். 150 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சின் இரண்டு, சக்கரத்துக்கு ஒன்றாக 75 குதிரைத்திறன் மோட்டார் நான்கு. சக்கரத்தின் விட்டம் 10 அடி. அதாவது டயர் பக்கத்தில் ஆள் நின்று கையைத் தூக்கினாலும் உச்சியைத் தொட முடியாது. பனிப்பிளவைத் தாண்ட ஓர் ஏற்பாடு இருந்தது, அதை மட்டும் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. பிளவு வந்ததும் முன்சக்கரத்தை உடம்புக்குள் மடக்கிக்கொள்ளும். பின்சக்கரம் தள்ள, நீண்ட மூக்கு பனிமேல் வழுக்கி அக்கரைக்குப் போகும். அங்கே முன்சக்கரத்தை இறக்கி, பின்சக்கரத்தை மடக்கி, மிச்ச உடம்பை இழுத்துக்கொள்ளும். 15 அடிப் பிளவுவரை இப்படித் தாண்டலாம் என்பது கணக்கு.

கட்டி முடிக்க 11 வாரம். செலவு 1,50,000 டாலர், அந்தக் காலத்துப் பணம். அக்டோபர் 24 அன்று சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்குச் சாலை வழியாகவே கிளம்பியது. ஒஹாயோ மாநிலத்தில் கோமர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலத்திலிருந்து சறுக்கி ஓடையில் விழுந்து மூன்று நாள் கிடந்தது. சகுனம் பார்க்கிறவர்கள் அங்கேயே திரும்பியிருப்பார்கள்.

1940 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போது மரச் சாய்தளம் ஒரு சக்கரத்தின் கீழ் நொறுங்கியது. எப்படியோ தப்பித்துப் பனியில் இறங்கியது. இறங்கியதும் சக்கரம் மூன்று அடி புதைந்து, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. கையிலிருந்த இரண்டு ஸ்பேர் டயரை முன்சக்கரங்களோடு சேர்த்து மாட்டினார்கள். பின்சக்கரத்துக்குச் செயின் போட்டார்கள். அப்படியும் நகரவில்லை. கடைசியில் யாருக்கோ தோன்றி ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால், கொஞ்சம் ஓடுகிறது! அந்த வண்டி அண்டார்டிகாவில் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 92 மைல். முழுவதும் பின்னோக்கி.

ஏன் இப்படி ஆயிற்று? மெக்கானிக் மூளை உள்ளவர்கள் வந்து சொல்லுங்கள்.

#2 நெம்புகோல்

அந்த டிரைவருக்குக் கழுத்து வலி வந்திருக்குமே என்பதுதான் என் முதல் கவலை.

#3 டெல்டா டீசல்

பாலு அண்ணே, இதற்கு அண்டார்டிகா போக வேண்டியதில்லை, மன்னார்குடிப் பக்கம் வந்தால் போதும்.

அறுவடை சமயத்தில் மழை பெய்து வயல் ஈரமாகக் கிடந்தால் டயர் வண்டியை யாரும் இறக்க மாட்டார்கள். சக்கரத்துக்குப் பதில் பட்டை சுற்றும் பெல்ட் வண்டிதான். வாடகை கூடுதல், ஆனாலும் வரிசையில் நின்று வாங்குவோம். என் சித்தப்பா ஒரு வருஷம் வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று டயர் வண்டியை இறக்கி, அது அச்சுவரை உட்கார்ந்து, அதை இழுக்க வந்த டிராக்டரும் உட்கார்ந்து, கடைசியில் இரண்டையும் ஒரு பெல்ட் வண்டிக்காரர் வந்து இழுத்துப் போட்டார். இன்றைக்கும் ஊரில் சித்தப்பாவுக்கு 'டயர்' என்றுதான் பெயர்.

கணக்கு எளிது. 34 டன்னை நான்கால் வகுத்தால் சக்கரத்துக்கு எட்டரை டன். டயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தரையில் பதிவது அதன் அடிப்பகுதியில் ஒரு துண்டு மட்டும்தான். பெல்ட்டுக்கு முழு நீளமும் பதியும். அதே எடை பரந்து உட்காரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் பனிக்கென்று செய்த எம்-29 வீசல் என்ற பெல்ட் வண்டி தரையை அழுத்தியது சதுர அங்குலத்துக்கு 1.9 பவுண்டுதான். நாம் நடக்கும்போது ஒரு காலில் கொடுக்கிற அழுத்தம் அதைவிட அதிகம். ஆள் நடந்து முழங்கால்வரை புதைகிற பனியில் அந்த வண்டி மேலாகப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று, க்ரூசரின் டயர் வழவழ டயர். பட்டனே கிடையாது. சதுப்புநில வண்டிக்காக வடிவமைத்த டயரை அப்படியே எடுத்து மாட்டியிருக்கிறார்கள். சேற்றில் ஓடுவதற்கு நாங்கள் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவோம், இவர்கள் பலூனை மாட்டிவிட்டார்கள்.

#4 கோடு போட்ட நோட்டு

எல்லோரும் போல்ட்டரை ஏதோ விவரம் தெரியாத ஆள்போலப் பேசுவதால் எழுதுகிறேன். அவர் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பேர்டின் இரண்டாவது அண்டார்டிகா பயணத்தில் (1933-35) துணைத் தலைவராக இருந்தவர். 1934 குளிர்காலத்தில் பேர்ட் தனியாக ஒரு சின்ன உள்நாட்டு முகாமில் தங்கியிருந்தார். அடுப்பிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் வந்த கார்பன் மோனாக்சைடு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. சூரியனே வராத மாதங்களில், 120 மைலுக்கு மேல், இரண்டு முறை முயன்று திரும்பி வந்து மூன்றாவது முறை போய்ச் சேர்ந்த மூவரில் ஒருவர் போல்ட்டர். பனி என்றால் என்னவென்று தெரிந்துதான் க்ரூசரை வரைந்தார்.

சூடு விஷயத்தையும் யாரும் சொல்லவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரையே அறைகளுக்குள் ஓடவிட்டு வெப்பப்படுத்தினார்கள். ஆட்கள் மெல்லிய போர்வையோடு தூங்கியிருக்கிறார்கள். மடக்கிய சக்கரத்தை எஞ்சின் புகையால் சூடாக்கி ரப்பரைக் காப்பாற்றும் ஏற்பாடும் உண்டு. வண்டி நகராமல் போன பிறகும் அதை மரமும் பனியும் வைத்து மூடி வீடாக்கி, உள்ளே இருந்தபடி நில அதிர்வு, காஸ்மிக் கதிர் ஆய்வெல்லாம் செய்தார்கள். படுதோல்வி என்பது அநியாயம்.

#5 பழையவண்டி பாலு

> வண்டி நகராமல் போன பிறகும் அதை வீடாக்கி

ஐயா, 34 டன் வண்டியை வீடு என்று பாராட்டுவது, ஓடாத கல்யாணக் காரைப் பந்தல் என்று பாராட்டுவது மாதிரி இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்ன 1934 சம்பவத்தில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. அன்றைக்கு அவர்கள் மூவரும் போனது எதில்? சிட்ரோயன் டிராக்டரில். முன்னால் சக்கரம், பின்பக்கம் கெக்ரெஸ் என்பவர் வடிவமைத்த பட்டை போட்ட அரைச்செயின் வண்டி. பட்டை வண்டியில் போய்த் தலைவரின் உயிரைக் காப்பாற்றிய மனிதர், ஐந்து வருஷம் கழித்து, கையில் இவ்வளவு பணம் வந்ததும், சக்கரத்துக்குப் போகிறார். ஏன்?

#6 கோடு போட்ட நோட்டு

என் ஊகம்: அந்தப் பயணத்தில் அவர் பயந்தது புதைவதைக் கண்டு இல்லை, பிளவுகளைக் கண்டு. இருட்டில் பிளவைச் சுற்றிச் சுற்றிப் போன ஆள். அதனால் பிளவைத் தாண்டும் வண்டியை வரைந்தார். மடக்கி நீட்டுவதென்றால் சக்கரம்தான் வசதி, பட்டையை எப்படி மடக்குவது? ஒரு கஷ்டத்துக்கு வழி செய்து இன்னொன்றில் மாட்டிக்கொண்டார். 11 வாரத்தில் கட்டியதால் பனியில் ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை. முதல் பனியே அண்டார்டிகாப் பனி.

#7 டெல்டா டீசல்

இந்த ஊகத்தை ஏற்றுக்கொள்கிறேன். சித்தப்பாவும் வாடகையைத்தான் கணக்குப் போட்டார், ஈரத்தை இல்லை.

#8 நெம்புகோல்

கெக்ரெஸ் பெயர் வந்ததால் ஒரு குட்டிச் செய்தி. அடால்ஃப் கெக்ரெஸ் பிரெஞ்சுக்காரர், ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையில் வேலை பார்த்தவர். மன்னரின் கார்கள் பனிக்காலத்தில் கொட்டகையிலேயே கிடக்கக் கூடாது என்று பின்சக்கரத்துக்குப் பதில் நெகிழும் பட்டையும் முன்னால் சறுக்குக்கட்டையும் பொருத்தினார். புரட்சிக்குப் பிறகு அவர் பிரான்சுக்கு ஓடிவிட்டார், பட்டை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதைப் பிறகு அனுபவித்தவர் யார் தெரியுமா? லெனின். பின்னால் பட்டை, முன்னால் சறுக்குக்கட்டை போட்ட அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் இன்றும் மாஸ்கோ பக்கம் கோர்க்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மன்னராட்சியை எதிர்த்தவருக்கு மன்னர் வீட்டு மெக்கானிக்கின் பட்டை.

1931இல் சிட்ரோயன் கம்பெனியின் ஆசியப் பயணத்தில் இதே பட்டை வண்டிகள் இரண்டு ஸ்ரீநகரிலிருந்து கில்கித்வரை இமயமலையில் ஏறின. பாதை சரிந்த இடங்களில் வண்டியைக் கழற்றிப் பாகம் பாகமாகச் சுமந்தும் போயிருக்கிறார்கள்.

#9 மொன்றியல் மாமா

வணக்கம் பிள்ளையள். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். பனி வண்டி என்று இழை தொடங்கிவிட்டு இன்னும் ஒருவரும் பொம்பார்டியே பெயரைச் சொல்லவில்லை. கியூபெக்கில் முப்பது பனிக்காலம் கழித்தவன், எனக்குக் கோபம் வராதா?

ஜோசப்-அர்மான் பொம்பார்டியே பிறந்தது 1907இல், வல்கூர் என்ற சின்ன ஊரில். பதினைந்து வயதில் பழைய ஃபோர்ட் எஞ்சின் ஒன்றை எடுத்து, பனிச்சறுக்கு வண்டியில் கட்டி, பின்னால் மரக் காற்றாடி பூட்டி ஊருக்குள் ஓட்டினார். காற்றாடி யாருடைய கையையோ வெட்டிவிடும் என்று தகப்பன் பயந்து அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டார். எந்தத் தகப்பனும் அதைத்தானே சொல்வார்.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமப் பாதைகளில் பனி அள்ள ஆளில்லை. நவம்பர் கடைசியில் காரைக் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரைதான். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் வெடித்தது. பாதை முழுக்கப் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துவிட்டது. அப்போது அவரது பட்டறையில் பனி வண்டி ஒன்று பாதி வேலையில் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததைப் பார்த்தால் பெரிய விசயமாகத் தெரியாது. ரப்பர் போர்த்திய பற்சக்கரமும், இரும்புக் குறுக்குச் சட்டம் போட்ட ரப்பர் பட்டியும். இரும்பும் இரும்பும் உரசினால் நடுவில் பனி இறுகிக் கட்டையாகிவிடும். ரப்பர் என்றால் பனி ஒட்டாமல் உதிரும். 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் இருக்கும் பி-7 வந்தது. 1942இல் பன்னிரண்டு பேருக்கு பி-12. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று சி-18. டாக்டர், பாதிரியார், தபால்காரர், பிரேத வண்டிக்காரர் எல்லோரும் வாங்கினார்கள். உடம்பு ஒட்டுப்பலகை, எஞ்சின் பின்னால், முன்னால் சறுக்குக்கட்டை, பக்கத்தில் கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல். பாரம் குறைவு, அதுதான் சூத்திரம். உங்கள் 34 டன் ராட்சசன் பக்கத்தில் இது ஒரு தீப்பெட்டி.

1948இல் கியூபெக் அரசு எல்லாப் பாதைகளிலும் பனி அள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஒரே வருசத்தில் வியாபாரம் கிட்டத்தட்ட பாதியாகப் படுத்துவிட்டது. மனிசன் சளைக்கவில்லை. காட்டு வேலைக்கு மஸ்கெக் டிராக்டர் செய்தார். 1959இல் ஒருவர் இருவர் ஏறும் ஸ்கி-டூ வந்தது. இன்றைக்குப் பனியில் சீறிக்கொண்டு போகிறதெல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

வல்கூரில் அவருடைய முதல் பட்டறையை அருங்காட்சியகத்தோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். மகளையும் பேரனையும் கூட்டிப்போனேன். பேரன் வட்ட ஜன்னலுக்குள் முகத்தை வைத்து "தாத்தா, நீர்மூழ்கி" என்றான்.

#10 புதுவரவு 77

முதல் பதிவு, தவறிருந்தால் மன்னிக்கவும். மாமா, நீங்கள் அந்த வண்டியில் ஏறி ஓடியிருக்கிறீர்களா? உள்ளே எப்படி இருக்கும்? பனி கதவை மூடிவிட்டால் எப்படி வெளியே வருவது?

#11 கரிப்புகை

பனி வண்டி என்றால் பெட்ரோல்தான் என்று நினைப்பவர்களுக்கு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஆல்வின் லம்பார்ட் என்பவர் 1901இலேயே நீராவியில் ஓடும் செயின் (இரும்புப் பட்டை) வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரயில் எஞ்சின் கொதிகலன், பின்னால் செயின், முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை. காட்டில் வெட்டிய மரத்தைப் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி வரிசையாகக் கோத்து இழுக்கும். மொத்தம் 83 செய்தார்கள். வேகம் மணிக்கு நாலைந்து மைல், கிட்டத்தட்ட மாட்டு வண்டி வேகம்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஸ்டியரிங்காரர். அவர் உட்காரும் இடம் கொதிகலனுக்கு முன்னால், வண்டியின் மூக்கில், திறந்த வெளியில். முகத்தில் மைனஸ் குளிர், முதுகில் கொதிகலன். மேலிருந்து தீப்பொறி வந்து கோட்டில் ஓட்டை போடும். வண்டிக்கு பிரேக் கிடையாது. இறக்கம் வந்தால் பின்னால் நூறு டன்னுக்கு மேல் மரம் தள்ளிக்கொண்டு வரும். பாதையில் வைக்கோல் பரப்பி வேகத்தைக் குறைப்பார்கள். மீதியெல்லாம் அந்த மனிதர் கையில். சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் நான் உட்கார மாட்டேன்.

#12 நெம்புகோல்

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஸ்னோமொபைல் என்ற பெயரே பொம்பார்டியேவுக்கு முந்தியது. நியூ ஹாம்ப்ஷயரில் வெர்ஜில் வைட் என்ற ஃபோர்ட் டீலர், மாடல் டி காருக்கு மாட்டும் உபரிப் பாகமாக ஒன்றைச் செய்து 1917இல் காப்புரிமை வாங்கினார். 1920களில் விற்பனை. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக்கட்டை, பின்னால் கூடுதலாக ஓர் அச்சு, இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பட்டை. வெயில் வந்தால் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கார். கிராமத்து டாக்டர்களும் தபால்காரர்களும் இதில்தான் ஓடினார்கள்.

#13 மொன்றியல் மாமா

கோபம் இல்லைத் தம்பி. முதலில் செய்தவர் என்று நான் எங்கே சொன்னேன்? வைட் செய்தது காருக்குப் பனிச் செருப்பு. பொம்பார்டியே செய்தது பனிக்கென்றே பிறந்த வண்டி. இரண்டும் வேறு. (சரி, கொஞ்சம் கோபம்தான்.)

#14 டெல்டா டீசல்

சக்கரமும் வேண்டாம் பட்டையும் வேண்டாம் என்று ஒரு கூட்டம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரைஸ் மில்லில் நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத் தண்டு பார்த்திருப்பீர்கள். அதை டிரம் அளவுக்குப் பெரிதாக்கி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று படுக்கவைத்து, மேலே ஃபோர்ட்ஸன் டிராக்டரை உட்காரவைத்தால் அதுதான் 1920களின் ஆர்ம்ஸ்டெட் ஸ்னோ மோட்டார். உருளை சுற்றச் சுற்ற, மரை பனியைக் கடித்து வண்டியை முன்னே தள்ளும். உருளை உள்ளே காலி, அதனால் புதையவும் புதையாது. திரும்ப ஒரு பக்கத்தை மெதுவாக்கினால் போதும். இரண்டையும் ஒரே திசையில் சுற்றவிட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். பழைய விளம்பரப் படத்துண்டு இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். தார் ரோட்டில் ஏறினால் கதை முடிந்தது. அதனால்தான் அதிகம் பரவவில்லை.

இதை மறுபடி கையில் எடுத்தவர்கள் சோவியத்காரர்கள். 1965இல் வாஸ்கோத்-2 என்ற அவர்களுடைய விண்கலம் குறி தவறிப் பனிக்காட்டில் இறங்கியது. விண்வெளியில் முதலில் நடந்த லியோனவும் அவருடன் போன பெல்யாயெவும் இரண்டு இரவு காட்டில் கிடந்து, கடைசியில் பனிச்சறுக்கில் போய் ஹெலிகாப்டர் ஏறினார்கள். இப்படி இறங்குகிறவர்களை எந்தக் காட்டிலிருந்தும் தூக்கிவர ஜில் ஆலையில் பிறகு ஒரு வண்டிக் குடும்பமே செய்தார்கள். பெரிய வண்டியின் முதுகில் ஒரு சின்னத் திருகு வண்டி ஏறிக்கொள்ளும். பெரியதால் போக முடியாத சேறு வந்தால் சின்னது இறங்கிப் போகும்.

#15 பழையவண்டி பாலு

சோவியத் என்றதும் ஞாபகம். மாமா சொன்ன காற்றாடி வண்டியை அங்கே தகப்பன்கள் தடுக்கவில்லை போலிருக்கிறது. ஏரோசானி என்று விமான எஞ்சினைப் பின்னால் கட்டிய சறுக்கு வண்டிகள் போரிலும் ஓடின, தபாலும் கொண்டுபோயின. 1959இல் ஹெலிகாப்டர் செய்யும் காமவ் குழுவினர் பொபேதா காரின் உடம்பை எடுத்து, சறுக்குக்கட்டை மாட்டி, பின்னால் 260 குதிரைத்திறன் விமான எஞ்சின் வைத்தார்கள். பெயர் சேவெர்-2. முன்னாலிருந்து பார்த்தால் ஆபீஸ் போகிற கார், பின்னாலிருந்து பார்த்தால் விமானம்.

#16 கோடு போட்ட நோட்டு

அண்டார்டிகாவுக்கே திரும்புவோம். க்ரூசர் செய்யாததைச் செய்து காட்டியவை டக்கர் ஸ்னோ-கேட்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து எம்மிட் டக்கரின் வண்டி. நாலு மூலையிலும் நாலு தனித்தனிப் பட்டை, ஒவ்வொன்றும் தன் அச்சில் தனியாக ஏறி இறங்கும், அதனால் மேடுபள்ளத்திலும் நாலும் பனியை விடாது. 1957-58இல் விவியன் ஃபுக்ஸ் குழு நான்கு ஸ்னோ-கேட்களோடு தென்துருவம் வழியாக அண்டார்டிகாவைக் குறுக்கே கடந்தது. 99 நாள், 3,473 கிலோமீட்டர். நான்கும் அக்கரை சேர்ந்தன. அந்தரத்தில் தொங்கும் ஸ்னோ-கேட் படம் ஒன்று உண்டு. பிளவுக்குமேல் முன்பட்டை இரண்டும் காற்றில் தொங்க, அடியில் இருட்டு. அலுமினியப் பாலத் துண்டுகளைக் கீழே கொடுத்து, மற்ற வண்டிகளால் இழுத்து மீட்டார்கள். போல்ட்டர் சக்கரம் மடக்கிச் செய்ய நினைத்ததை இவர்கள் ஏணி வைத்துச் செய்தார்கள்.

அக்கரையிலிருந்து எதிரே வந்த எட்மண்ட் ஹிலாரி என்ன ஓட்டினார் தெரியுமா? ஃபெர்குசன் டிராக்டர். சக்கரத்தைச் சுற்றிப் பட்டை போட்ட சாதாரண உழவு டிராக்டர் மூன்று. 1958 ஜனவரி 4 அன்று, ஃபுக்ஸுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே துருவத்தில் போய் நின்றார்.

#17 டெல்டா டீசல்

உழவு டிராக்டர்! நான் முதலிலேயே சொன்னேன், மன்னார்குடிக்கு வாருங்கள் என்று.

#18 நெம்புகோல்

பாலு, உங்கள் க்ரூசர் இப்போது எங்கே இருக்கிறது?

#19 பழையவண்டி பாலு

போர் நெருங்கியதும் பணத்தை நிறுத்திவிட்டார்கள், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். 1946 கடைசியில் கிளம்பிய அடுத்த அமெரிக்கக் குழு அதைப் பார்த்தது. டயருக்குக் காற்றும் கொஞ்சம் சர்வீஸும் போதும் என்ற நிலையில் இருந்ததாம். 1958இல் இன்னொரு குழு வந்தபோது வண்டி பனிக்கு அடியில் ஆழத்தில் போய்விட்டது. மேலே அடையாளத்துக்கு நட்டிருந்த ஒரு மூங்கில் கழி மட்டும் தெரிந்தது. தோண்டி இறங்கிப் பார்த்தால் உள்ளே பத்திரிகைகள், சிகரெட் எல்லாம் வைத்தது வைத்தபடி. அறுபதுகளில் அந்தப் பக்கத்துப் பனித்தட்டே பெரிய துண்டாக உடைந்து போய்விட்டது. வண்டி கடலடியிலா, மிச்சமிருக்கிற பனிக்குள்ளா என்று சொல்ல யாருமில்லை.

#20 மொன்றியல் மாமா

77ஆம் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

ஏறியிருக்கிறேன், ஒரு முறை. மனிட்டோபாவில் வின்னிபெக் ஏரியில் பனி உறைந்த பிறகு வலை போடும் மீனவர்கள் இன்னும் பழைய பொம்பார்டியேக்களை ஓட்டுகிறார்கள். மகளின் சிநேகிதியின் தகப்பன் அப்படி ஒருவர். அவருடைய வண்டி என்னைவிட வயதில் மூத்தது. உள்ளே பெட்ரோல் மணமும் மீன் மணமும். இருக்கை எல்லாம் கழற்றி மீன் பெட்டி அடுக்கியிருந்தார், நான் ஒரு பெட்டிமேல் இருந்தேன். பின்னால் எஞ்சின் இரைச்சல், பேசினால் கேட்காது. முதுகுக்கு நல்ல சூடு, கால் மட்டும் விறைத்துவிட்டது. வட்ட ஜன்னல் நான் விட்ட மூச்சிலேயே உறைந்து வெள்ளையாகிவிட, கைவிரலால் சுரண்டிச் சுரண்டி ஏரியைப் பார்த்தேன்.

கதவு பற்றிக் கேட்டாய். கூரையில் ஒரு மூடி உண்டு, அதாலும் வெளியே ஏறலாம். அன்றைக்கு வெளியே மைனஸ் 28. அந்த மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டுதான் அவர் ஓட்டினார். குளிருகிறதே, மூடக் கூடாதா என்று கையால் காட்டிக் கேட்டேன். அவர் வண்டியை மெதுவாக்கி, கீழே இருக்கும் ஏரியைச் சுட்டிக்காட்டி, பிறகு கூரையைச் சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு நான் குளிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.